உடைந்த வளையல்கள் கட்டிய ஊர்



சிற்பம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது கல். அதற்கு அடுத்தபடியாகச் செம்பு. மாமல்லபுரத்துப் பாறைகளையும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளையும் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. ஆகவே வேறு பொருள் எதுவும் சிற்பத்துக்கு ஆகாது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் நம் முன்னோர் இத்துணைக் குறுகிய நோக்கம் உடையவர் அல்லர். சிற்பத் தொழிலுக்கு உரிய பொருள்கள் பத்து என்று திவாகர நிகண்டு வகுத்துக் கூறுகிறது. அந்தப் பத்தில் கல்லும் உலோகமும் மட்டுமா இருக்கின்றன? மெழுகும் இருக்கிறது, சருக்கரையும் இருக்கிறது. எறும்பு மொய்க்கும் பொருளையும் சிற்பியின் பொருளாக ஏற்றுக்கொண்ட மரபு நம்முடையது.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் மிகத் தொன்மையானது என்று கருதும் கல்லே ஒரு காலத்தில் புதுமைப் பொருளாக இருந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன், விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு குன்றைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதனைச் செய்தேன் என்று அங்குக் கல்வெட்டிலும் பொறித்து வைத்தான். அக்காலத்தில் கோயிலுக்கு உரியவை எனப்பட்ட பொருள்கள் அனைத்தையும் தள்ளிவிட்டதே அவனுக்குப் பெருமை. அக்கல்வெட்டில் அவன் தன்னை விசித்திரசித்தன் என்று அழைத்துக்கொள்கிறான். புதுமையை நாடும் உள்ளம் படைத்தவன் என்பது பொருள்.

இன்று நான் சொல்லவிருப்பது வேறொரு விசித்திரசித்தனின் வரலாறு. அவர் அரசர் அல்லர். அரசாங்கத்தில் மிகச் சிறிய பதவி வகித்தவர். அவர் கையாண்ட பொருள் கல்லும் அன்று, செம்பும் அன்று. நாம் நாள்தோறும் குப்பையில் எறிகின்றோமே, அந்தப் பொருள்.

1947-ஆம் ஆண்டில் நாடு இரண்டாகப் பிரிந்தபோது பஞ்சாபும் இரண்டாகப் பிளந்தது என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பழைய தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் ஒன்று தேவைப்பட்டது. சிவாலிக் மலையடிவாரத்தில் வயல்களும் சிற்றூர்களும் மாந்தோப்புகளும் இருந்த சமவெளியில் சண்டிகர் நகரை எழுப்புவதென முடிவாயிற்று. 1951-ஆம் ஆண்டு முதல் அதன் அமைப்புப் பொறுப்பை ஏற்றவர் உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே. நேர்கோடுகளால் ஆன சாலைகள், எண்ணிட்ட வட்டாரங்கள், எங்கே கடை, எங்கே பள்ளி, எங்கே பூங்கா என்று முன்கூட்டியே வரையறுத்த நகரம் அது. தனிமனிதர் எவருக்கும் நகரத்திலோ பூங்காக்களிலோ சிலை எழுப்பலாகாது என்றுகூட அவர் வகுத்த நகர விதிகளில் ஒன்று கூறுகிறது. இந்த விதி எனக்குப் பிடித்தமான ஒன்று. நம் நாற்சந்திகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நகரம் எழுந்தது, அது எழுவதற்காகப் பழைய ஊர்கள் அழிந்தன. புத்தகங்கள் முன்னதைத்தான் விரிவாகக் கூறும். வீடுகள் இடிந்தபோது அடுப்பங்கரைப் பானைகளும், பெண்டிரின் வளையல்களும், மாடத்துப் பீங்கான்களும் மண்ணோடு மண்ணாயின. புதிய கட்டடங்களுக்கு வந்த பொருள்களிலும் உடைந்தவை ஏராளம்: விரிசல் விட்ட ஓடுகள், மூக்குடைந்த கைகழுவும் தொட்டிகள், மின்சாரத்துக்கான பீங்கான் கட்டைகள், காலியான தார்ப் பீப்பாய்கள். இவற்றையெல்லாம் யார் கவனித்தார்கள்?

ஒருவர் கவனித்தார். பொதுப்பணித் துறையில் சாலை மேற்பார்வையாளராக இருந்த நேக் சந்த் என்பவர் அவர். 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள ஷக்கர்கர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பிரிவினையின்போது வீடும் நிலமும் ஊரும் இழந்து எல்லை கடந்து வந்த இலட்சக்கணக்கான மக்களுள் ஒருவர். சிற்பக் கல்வி பயின்றவர் அல்லர். சிறு வயதில் தம் தாயார் சொன்ன அரசர் அரசியர் கதைகளைக் கேட்டு ஆற்றங்கரையில் மணலாலும் கல்லாலும் கோட்டை கட்டி விளையாடியதே தமக்குக் கிடைத்த பயிற்சி என்று அவர் பிற்காலத்தில் கூறுவார்.

சொந்த ஊரை இழந்த ஒருவர், பிறருடைய ஊர்கள் இடிபடும் இடத்தில் சாலை போடும் வேலைக்கு வந்து சேர்ந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் இதைப் பற்றிப் பெரிய சொற்கள் எவையும் சொன்னதாக நான் படித்ததில்லை. ஆனால் 1958-ஆம் ஆண்டை ஒட்டி, வேலை முடிந்த மாலைகளில், தம் மிதிவண்டியின் பின்புறம் சாக்கு மூட்டை கட்டி அவர் பொருள் சேர்க்கத் தொடங்கினார். இடிபாடுகளிலிருந்து வளையல் துண்டும் பானை ஓடும் வந்தன. சுற்றுப்புறத்து ஓடைப் படுகைகளிலிருந்து, பறவை போலவும் விலங்கு போலவும் மனித முகம் போலவும் நீர் செதுக்கிய கற்கள் வந்தன. சுக்னா ஏரிக்கு அருகே, எவரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று அரசாங்கம் ஒதுக்கி வைத்திருந்த புதர்க்காட்டில் ஒரு குடிசை போட்டு அவற்றையெல்லாம் அடுக்கி வைத்தார். சேர்ப்பதிலேயே ஏழு ஆண்டுகள் கழிந்தன என்பர். அதன் பிறகே உருவங்கள் பிறக்கத் தொடங்கின.

அவ்வுருவங்களை அவர் செய்த முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். முதலில் எலும்புக்கூடு: பழைய இரும்புக் கம்பி, குழாய், மிதிவண்டியின் சட்டம், மட்கார்டு, இவற்றில் எது கிடைத்ததோ அது. மிதிவண்டியின் முன்கவை கால்களாயிற்று; இருக்கை விலங்கின் தலையாயிற்று. அதன்மேல் சதை: சிமெண்டுக் கலவை. கலவை இறுகுமுன் தோல்: நல்ல சிமெண்டுப் பூச்சில் வளையல் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பதிப்பார். பச்சை வளையல்கள் பாவாடையாகும், சிவப்பு இரவிக்கையாகும். வெள்ளைப் பீங்கான் ஓடு குரங்கின் உடம்பாகும். உலைகளில் எஞ்சிய கசட்டுக் கட்டிகள் கரிய மலைப்பாறை போல் சுவர்களாக உயர்ந்தன. சிமெண்டு வந்த சாக்குகளையும் அவர் வீணாக்கவில்லை. கலவையைச் சாக்கில் நிரப்பி அடுக்கி இறுகவிட்டால் சாக்கு மக்கிப்போகும், அதன் நெசவு மட்டும் சுவரில் பதிந்து நிற்கும். மின்சாரப் பீங்கான் கட்டைகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி ஒரு மதிலே எழுப்பினார்.

இவ்வளவும் இரவில் நடந்தன. விளக்கு கிடையாது, பழைய டயர்களைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை செய்தார். அவருடைய மனைவியாருக்கும் நெருங்கிய சிலருக்கும் தவிர வேறு எவருக்கும் இது தெரியாது. பகலில் லெ கொர்பூசியேயின் நேர்கோட்டு நகரத்துக்குச் சாலை போட்டவர், இரவில் அதற்கு மிக அருகே நேர்கோடே இல்லாத இன்னொரு நகரத்தைக் கட்டினார்.

இங்கே ஓர் ஆசிரியனுக்கு நேரும் சங்கடத்தை நான் மறைக்கப் போவதில்லை. நேக் சந்த் செய்தது சட்டத்துக்கு மாறானது. நிலம் அரசாங்கத்துடையது. கட்டடம் கூடாது என்ற விதியை அரசாங்க ஊழியரான அவர் அறியாதவர் அல்லர். பொது நிலத்தில் கொட்டகை போடுபவனை நாம் ஆக்கிரமிப்பாளன் என்கிறோம். சிலை வைப்பவனை மட்டும் கலைஞன் என்று கொண்டாடலாமா? வகுப்பில் ஒரு மாணவன் இப்படிக் கேட்டால் என்ன விடை சொல்வது என்று நான் பலநாள் எண்ணியதுண்டு. அவர் அந்த நிலத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை, விற்கவில்லை, கட்டணம் வாங்கவில்லை என்று சொல்லலாம். அது பாதி விடைதான். மீதிப் பாதியை வரலாறு தன் வழியில் சொல்லிற்று.

1970-களில் புதரைத் துப்புரவு செய்ய வந்த ஆட்களின் கண்ணில் அந்த மறைவு நகரம் பட்டது. அதற்குள் அது ஏறத்தாழ 12 ஏக்கரில் முற்றம் முற்றமாக விரிந்திருந்தது. வீரர், இசைவாணர், குடம் ஏந்திய பெண்கள், யானைகள், கரடிகள், அன்னங்கள் என்று நூற்றுக்கணக்கான உருவங்கள் அணிவகுத்து நின்றன. விதிப்படி பார்த்தால் அத்தனையையும் இடித்துவிட்டு, செய்தவரை வேலையிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். கோப்பு அந்தத் திசையிலும் சென்றது. ஆனால் செய்தி நகருக்குள் பரவியதும் மக்கள் நூறு நூறாக வந்து பார்த்தார்கள். உயர் அதிகாரிகளுள்ளும் சுவையறிந்தவர் சிலர் இருந்தனர். 1976-ஆம் ஆண்டில் அரசாங்கமே அதனைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தது. நேக் சந்துக்குச் சம்பளத்துடன் அந்தத் தோட்டத்தின் பொறுப்பே பதவியாகத் தரப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது வேலையாட்களும் அளிக்கப்பட்டனர். உடைந்த பொருள்களைத் திரட்ட நகரெங்கும் சேகரிப்பிடங்கள் அமைந்தன. 1983-இல் அஞ்சல்துறை அத்தோட்டத்துக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எனக்குத் தெரிந்தவரை, ஆக்கிரமிப்பு செய்தவரை அந்த ஆக்கிரமிப்புக்கே அதிகாரியாக நியமித்த செய்தி இந்நாட்டில் இது ஒன்றுதான்.

இத்தகைய மனிதர் வேறு நாடுகளிலும் தோன்றியிருக்கின்றனர். பிரான்சு நாட்டில் ஓத்ரீவ் என்னும் சிற்றூரின் தபால்காரர் பெர்தினான் ஷெவால், 1879-ஆம் ஆண்டில் கடிதம் கொண்டு செல்லும் வழியில் ஒரு கல் தடுக்கிற்று. அதன் வடிவத்தில் மயங்கியவர், அன்று முதல் 33 ஆண்டுகள் தள்ளுவண்டியில் கல் சுமந்து, 1912-இல் தம் கனவு மாளிகையை முடித்தார். அவர் இறந்த 1924-ஆம் ஆண்டில்தான் நேக் சந்த் பிறந்தார்! அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வாட்ஸ் பகுதியில், இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த கூலித்தொழிலாளியான சைமன் ரோடியா, 1921 முதல் 1954 வரை, இரும்புக் கம்பியும் சிமெண்டும் புட்டிக் கண்ணாடியும் சிப்பியும் பீங்கான் ஓடும் கொண்டு தனி ஆளாகக் கோபுரங்கள் எழுப்பினார். மிக உயர்ந்தது ஏறத்தாழ 100 அடி. அவை விழுந்துவிடும், ஆபத்தானவை என்று நகராட்சி இடிக்க முற்பட்டது. ஆர்வலர் தடுத்தனர். 1959-ஆம் ஆண்டில் ஒரு சோதனை வைத்தார்கள்: 10,000 பவுண்டு விசையால் கோபுரத்தை இழுத்துப் பார்ப்பது. இழுத்த பொறிதான் வளைந்ததே ஒழிய, கோபுரம் அசையவில்லை. பயிற்சி பெறாத கையின் வேலை உறுதியற்றதாகத்தான் இருக்கும் என்று பொறியியல் படித்தவர்கள் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதை நான் மாணவரிடம் சொல்வதுண்டு. பிக்காசோவும் 1942-இல் ஒரு மிதிவண்டி இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்துக் காளையின் தலை செய்தார். அது புகழ் பெற்ற கலைஞரின் ஒரு கணத்து விளையாட்டு. சண்டிகரில் நடந்தது வாழ்நாள் முழுவதும் நீடித்த உழைப்பு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தில்லியில் வேலை பார்க்கும் என் மகனைக் காணச் சென்றிருந்தபோது சண்டிகருக்கும் போய் வந்தேன். அத்தோட்டத்தின் வாயில்கள் மிகத் தாழ்வானவை. குனிந்துதான் நுழைய வேண்டும். என் போன்ற முதுகுவலிக்காரருக்கு அது எளிதன்று. நுழைந்தால் வளைந்து வளைந்து செல்லும் குறுகிய வழி. அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. திடீரென ஒரு முற்றம் விரியும். அருவி ஒன்று விழும். சரிவில் வளையல் ஆடை உடுத்த நூறு பெண்கள் ஒன்றாக நம்மைப் பார்த்து நிற்பார்கள். பின்னர் அமைந்த பகுதியில் உயர்ந்த வளைவுகளின் கீழ் ஊஞ்சல்கள் தொங்குகின்றன. குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகமாக ஆடிக்கொண்டிருந்தனர்.

அந்தப் பெண்ணுருவங்களின் முன் நின்றபோது எனக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கால்சட்டைப் பை நிறைய வளையல் துண்டுகளும் சோடாப் புட்டி மூடிகளும் வைத்திருந்தான். கையைக் கிழித்துக்கொள்வான் என்ற அச்சம் எனக்கு. அதைவிட, பள்ளிக்கூடத்துக்குக் குப்பையைச் சுமந்து வருகிறானே என்ற எரிச்சல். எல்லாவற்றையும் என் மேசையருகில் இருந்த கூடையில் கொட்டச் சொன்னேன். அவன் நிறம் பார்த்து அவற்றைத் தனித்தனித் தாளில் மடித்து வைத்திருந்தான் என்பதைக் கொட்டும்போதுதான் கண்டேன். கண்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பின்னர் என்ன ஆனான் என்பது எனக்குத் தெரியாது.

வரலாறு கற்பித்த ஒருவன் வளையல் துண்டைக் குப்பை என்று சொல்லியிருக்கக் கூடாது. புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, தமிழ்நாட்டுக்கும் உரோமுக்கும் இருந்த வாணிபத்தின் காலத்தைக் கணிக்கத் துணை செய்தவை எவை? பொற்காசுகள் அல்ல, இத்தாலியிலிருந்து வந்த மட்கலங்களின் உடைந்த ஓடுகள். அரசர்கள் செதுக்கி வைத்தவை கல்வெட்டு. குடிமக்கள் உடைத்துப் போட்டவை ஓடு. இரண்டும் சான்றுகளே. சண்டிகருக்காக அழிந்த சிற்றூர்களின் பெயர்கள் பலருக்கு நினைவில்லை. அவ்வூர்ப் பெண்டிர் அணிந்த வளையல்களோ அதே மண்ணில், வெயிலில் மின்னிக்கொண்டு நிற்கின்றன.

ஆனால் அவை நிற்பது எளிதாக இருக்கவில்லை. 1980-களின் இறுதியில் சாலைக்காகவும் வண்டி நிறுத்துமிடத்துக்காகவும் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க இயந்திரங்கள் வந்தன. நகர மக்கள் கைகோத்து அவற்றின் குறுக்கே நின்றனர். வழக்கு நீதிமன்றம் சென்றது, தோட்டம் பிழைத்தது. 1996-இல் நேக் சந்த் வெளிநாட்டில் விரிவுரைப் பயணத்தில் இருந்த சமயம் பார்த்து, காவலுக்கும் பராமரிப்புக்கும் இருந்த ஆட்கள் விலக்கப்பட்டனர்; எவரோ புகுந்து சிலைகளை உடைத்தனர். உடைந்தவற்றால் ஆன சிலை மறுபடியும் உடைந்தால் என் செய்வது? அவர் திரும்பி வந்து, மீண்டும் ஒட்டத் தொடங்கினார். மறு ஆண்டிலேயே அவர் பெயரால் இங்கிலாந்தில் ஓர் அறநிலையம் அமைந்தது; பல நாட்டு இளைஞர்கள் வந்து பழுதுபார்க்கும் வேலையில் கைகொடுத்தனர். வாஷிங்டன் நகரத்துக் குழந்தைகள் காட்சியகத்துக்காக 1980-களின் நடுவில் அவர் செய்து தந்த தோட்டமோ, 2004-இல் அக்காட்சியகம் இடம் மாற நேர்ந்தபோது கலைக்கப்பட்டது. சிலைகள் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்து சென்றன.

கல்லுக்கு இல்லாத குறை ஒன்று இப்பொருள்களுக்கு உண்டு. சிமெண்டுக்குள் ஈரம் புகுந்தால் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும். பருத்தால் மேற்பூச்சு வெடிக்கும். மண்டகப்பட்டுக் குகை ஆள் இல்லாமல் ஆயிரத்து நானூறு ஆண்டு நின்றது. நேக் சந்தின் வீரர்கள் ஆள் இல்லாமல் ஐம்பது ஆண்டு நிற்பதும் அரிது. செய்தவர் 2015-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், தமது 90-ஆம் வயதில் காலமானார். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உயர்நீதிமன்றப் பகுதிக்குச் சாலையை அகலப்படுத்துவதற்காகத் தோட்ட மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மக்கள் மறுபடியும் கூடி எதிர்த்தனர். இம்முறை அந்தப் பகுதி காப்பாற்றப்படவில்லை. சாலை மேற்பார்வையாளர் எழுப்பிய மதிலைச் சாலையே கொண்டு போயிற்று.

சண்டிகர் வெகுதூரம் என்று நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. பாலக்காட்டுக்கு அருகே மலம்புழை அணையை ஒட்டி, நேக் சந்த் வடிவமைத்த சிறிய தோட்டம் ஒன்று இருக்கிறது. அங்கும் உடைந்த ஓடுகளும் வளையல்களும்தாம் பொருள்கள். கோயம்புத்தூரிலிருந்து காலையில் புறப்பட்டால் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். போனால் சுவர்களைச் சற்று நெருங்கி நின்று பாருங்கள். சில ஓடுகளில், அவை முன்பு எந்த வீட்டுத் தரையிலோ பூவாக இருந்தபோது தீட்டிய இதழ்களின் பாதி இன்னும் தெரியும்.